ராத்திரி ஒன்பது மணிக்கு ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்? யானைக்கால் நோயின் ரகசியத்தை உடைத்த டாக்டரின் கதை!

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். சாப்பிட்டு முடித்து, போனைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பாடா என்று சாய்ந்திருக்கிறீர்கள். காலிங்பெல் அடிக்கிறது. வாசலில் இரண்டு சுகாதாரப் பணியாளர்கள். கையில் ஒரு சின்னப் பெட்டி, சில கண்ணாடித் துண்டுகள், பெயர் எழுத ஒரு நோட்டு. யானைக்கால் நோய்ப் பரிசோதனையாம். விரல் நுனியில் கொஞ்சம் ரத்தம் வேண்டுமாம்.

உங்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். என் கால் நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு இந்த டெஸ்ட்? சரி, எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, பகல்ல வந்து எடுக்கக் கூடாதா?

இரண்டுமே நியாயமான கேள்விகள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இப்படி ராத்திரியில் கதவைத் தட்டும் பணியாளர்கள், இதே கேள்விகளை எத்தனையோ வாசல்களில் கேட்டிருப்பார்கள். இரண்டுக்கும் பதில், சுமார் 150 வருடங்களுக்கு முன்பு, தென்கிழக்குச் சீனாவில் ஒரு துறைமுக ஊரில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். ஆனால், அந்தப் பதில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய தோட்டக்காரரின் ரத்தத்தில்!

இரும்புப் பட்டறையில் உடைந்த முதுகு

மேன்சன் பிறந்தது 1844 அக்டோபர் 3, ஸ்காட்லாந்தின் அபர்டீன் பகுதியில் இருக்கும் ஓல்ட்மெல்ட்ரம் என்ற சிற்றூரில். அப்பா வங்கி மேலாளர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். இவர் இரண்டாவது. படிப்பில் பெரிய கெட்டிக்காரர் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. அம்மா வழி உறவினர்கள் இரும்புத் தொழில் நடத்திவந்தார்கள். அதனால் பதின்ம வயதிலேயே அங்கே தொழில் பழக அனுப்பிவிட்டார்கள்.

அந்த வேலை அவர் உடம்பை முறித்துப்போட்டது. முதுகெலும்பு வளைந்தது, வலது கை பலம் இழந்தது. படுத்தே கிடக்க வேண்டிய நிலைமை. வேறு வழியில்லாமல் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தார். செடி, பூச்சி, விலங்கு என்று இயற்கை பற்றிய புத்தகங்கள் மனதைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்து மருத்துவப் படிப்பு. அபர்டீன் பல்கலைக்கழகத்தில் 1865-ல் பட்டம். கொஞ்ச காலம் இங்கிலாந்தில் ஒரு மனநல மருத்துவமனையில் வேலை.

பிறகு வந்தது கடல் கடந்த வேலை. 1866-ல் சீனச் சுங்கத் துறையின் மருத்துவ அதிகாரியாக ஃபார்மோசா தீவுக்கு, அதாவது இன்றைய தைவானுக்குப் போனார். வந்து நிற்கும் கப்பல்களைச் சோதிப்பது, மாலுமிகளுக்கு வைத்தியம் பார்ப்பது, நேரம் கிடைத்தால் உள்ளூர் மக்களுக்கும் பார்ப்பது. ஐந்து வருடங்கள் அப்படி ஓடின. 1871-ல் எதிரே சீனக் கரையிலிருக்கும் அமோய் துறைமுகத்துக்கு மாறினார். இன்று அந்த நகரத்துக்கு ஷியாமென் என்று பெயர். மேன்சனின் வாழ்க்கை மாறியது அங்கேதான்.

கட்டியே கடைப்பலகை ஆன கதை

அமோய் மக்களுக்கு வெளிநாட்டு டாக்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. மூடிய அறைக்குள் என்ன செய்கிறார்களோ என்ற பயம். மேன்சன் ஒரு காரியம் செய்தார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும்படி திறந்தவெளியாகவே சிகிச்சை அளித்தார். பார்க்கட்டும், ஒளிக்க என்ன இருக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் வர ஆரம்பித்தது.

அந்தக் கூட்டத்தில் அவர் அதிகம் பார்த்தது யானைக்கால் நோயாளிகளை. இந்த நோய் என்றதும் உங்களுக்கு வீங்கிய கால்தான் நினைவுக்கு வரும். ஆனால், ஆண்களுக்கு விதைப்பையும் வீங்கும். வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல், கிலோ கணக்கில் எடையுள்ள கட்டியைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். நடக்க முடியாது, வயல் வேலைக்குப் போக முடியாது, கல்யாணம் நின்றுபோகும். உயிரை உடனே எடுக்காத நோய் இது. ஆனால், வாழ்க்கையை எடுத்துவிடும்.

மேன்சன் கத்தியை எடுத்தார். அந்தக் கட்டிகளை அறுத்து அகற்றுவதில் பெரிய கைதேர்ந்தவர் ஆனார். அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. தெருவில் வேர்க்கடலை விற்ற ஒருவருக்குக் கட்டி எவ்வளவு பெரிதாக இருந்ததென்றால், அதையே மேசைபோல வைத்து அதன் மேல் கடலையைப் பரப்பி விற்றாராம். மேன்சன் அறுவை சிகிச்சை செய்து அவரைக் குணப்படுத்தினார். கொஞ்ச நாளில் அந்த ஆள் திரும்பி வந்து நின்றார், நன்றி சொல்ல அல்ல. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான் கடலை வாங்கியது, இப்போது வியாபாரம் படுத்துவிட்டது, நஷ்டஈடு கொடுங்கள் என்று கேட்கத்தான்!

கேட்கும்போது சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். தன் நோயையே முதலாக வைத்துப் பிழைக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மனுஷனை இந்த நோய் தள்ளியிருக்கிறது.

மேன்சனுக்கு இன்னொரு உறுத்தல். ஒருவருக்கு அறுத்து முடித்தால், வாசலில் அடுத்தவர் நிற்கிறார். எத்தனை பேருக்கு அறுப்பது? இது எங்கிருந்து வருகிறது? அது தெரியாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தால், ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற கதைதான்.

விடுமுறையில் கிடைத்த துப்பு

1874-ன் கடைசியில் ஊருக்கு விடுமுறையில் போனார். 1875 டிசம்பரில் ஹென்ரியட்டா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இடையில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்தில் போய் உட்கார்ந்து, இந்த நோயைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்.

துப்பு வந்தது நம் நாட்டிலிருந்து. கல்கத்தாவில் வேலை பார்த்த திமோத்தி லூயிஸ் என்ற ராணுவ டாக்டர், 1872-ல் மனித ரத்தத்திலேயே நெளியும் மிக நுண்ணிய புழுக்களைப் பார்த்து எழுதியிருந்தார். அதற்கும் முன்பே பிரேசிலில் வூக்கரர் என்பவர் இதே புழுக்களை நோயாளிகளின் சிறுநீரில் பார்த்திருந்தார். பிறகு, 1876-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பேங்க்ராஃப்ட் என்ற டாக்டர் இவற்றின் தாய்ப்புழுவையே கண்டுபிடித்தார். பல சென்டிமீட்டர் நீளம், நூல்போல மெல்லிசு.

இன்று நமக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதை புரிய உதவும். ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரை மறுபடியும் ரத்தத்துக்கே கொண்டு சேர்க்க உடம்பில் ஒரு வடிகால் அமைப்பு இருக்கிறது. அதுதான் நிணநீர் மண்டலம். தாய்ப்புழுக்கள் குடியேறுவது அந்த வடிகாலில். அங்கேயே 6 முதல் 8 வருடங்கள் வாழ்ந்து, லட்சக்கணக்கான குட்டிகளை ரத்தத்தில் விடும். வடிகால் பழுதானால் நீர் தேங்குமா, தேங்காதா? தேங்கும். கால் வீங்கும். வீங்கிய தோலில் சின்ன வெடிப்பு வந்தாலும் கிருமி நுழையும், காய்ச்சல் வரும், வீக்கம் இன்னும் தடிக்கும். இப்படித்தான் கால் யானைக்கால் ஆகிறது.

மனைவியோடு அமோய் திரும்பிய மேன்சன், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தத்தைப் பார்த்தார். தலையைச் சுற்றவைத்தது முடிவு. புழு இருந்த பலருக்கு எந்த வீக்கமும் இல்லை. ஜம்மென்று நடமாடினார்கள். கால் பெருத்துப்போன பலரின் ரத்தத்தில் புழுவே இல்லை!

உங்கள் முதல் கேள்விக்கான பதில் இதில் இருக்கிறது. கால் நல்லா இருப்பதால் ரத்தமும் நல்லா இருக்கும் என்று அர்த்தமில்லை. வீக்கம் என்பது நோயின் கடைசி அத்தியாயம். நோய் ஊருக்குள் நடமாடுவது, எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் ரத்தத்தில்.

தோட்டக்காரர் தூங்கிய வீடு

ரத்தத்தில் இருக்கும் குட்டிப் புழுக்கள் வளரவே இல்லை என்பதையும் மேன்சன் கவனித்தார். ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறைக்குள் இருந்தது. யோசித்தார். இத்தனை கோடிக் குட்டிகளும் உள்ளேயே வளர்ந்தால் மனிதன் செத்துப்போவான், அவனோடு புழுவும் சாகும். ஆக, இவை வளர்வது வேறு எங்கேயோ. ஆனால், தோலைத் துளைத்து வெளியேற இவற்றால் முடியாது. யாரோ வந்து அழைத்துப் போக வேண்டும். ரத்தம் குடிக்கிற யாரோ!

யார்? பேன், உண்ணி, அட்டை, மூட்டைப்பூச்சி, கொசு என்று பட்டியல் போட்டார். உலகம் பூராவும் இருக்கிற பூச்சியாக இருந்தால் நோயும் உலகம் பூராவும் இருக்க வேண்டுமே. வெப்பமான ஊர்களில் மட்டும்தானே இருக்கிறது? ஒவ்வொன்றாகக் கழித்தால் மிச்சம் நின்றது கொசு.

கொசு நோய் பரப்பும் என்று இன்று எல்.கே.ஜி குழந்தை சொல்லும். 1877-ல் அப்படி ஒன்றை யாரும் நிரூபித்ததில்லை. கொசுவைப் பற்றிப் படிக்க ஒரு புத்தகம் வேண்டும் என்று மேன்சன் லண்டனுக்கு எழுத, கொசுப் புத்தகம் எதுவும் இல்லை, இது உதவுமா பாருங்கள் என்று கரப்பான்பூச்சிப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்ததாம். நிலைமை அவ்வளவுதான்!

அவருடைய தோட்டக்காரர் பெயர் ஹின்-லோ. அவர் ரத்தத்தில் இந்தப் புழுக்கள் நிறைய இருந்தன. 1877 ஆகஸ்ட் மாதம், ஒரு சிறிய கொசுக் கூண்டு வீட்டில் ஹின்-லோவைத் தூங்கவைத்தார் மேன்சன். பக்கத்தில் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. கொசுக்கள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்கள். விடிந்தபோது, வயிறு முட்டக் குடித்த கொசுக்கள் சுவரில் உட்கார்ந்திருந்தன. அவற்றைக் கண்ணாடிக் கிளாஸால் மூடிப் பிடித்து, குப்பிகளில் அடைத்தார்.

ஒவ்வொரு நாளும் சில கொசுக்களை எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். குட்டிப் புழு செத்துச் செரித்துப் போயிருந்ததா? இல்லை. உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொசுவின் குடலைத் துளைத்து, மார்புத் தசைக்குப் போனது. அங்கே வளர்ந்தது. நாளுக்கு நாள் உருவம் மாறியது.

ஒரு பூச்சி, மனித நோயின் கிருமியைத் தன் உடம்பில் வளர்க்கிறது என்பதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்த முதல் தருணம் அது. பிறகு வந்த மலேரியா, மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சிகளெல்லாம் நடந்தது இந்தப் பாதையில்தான்.

ஹின்-லோவுக்கு இந்தப் பரிசோதனையால் புதிதாக நோய் வரவில்லை, அவருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தது. ஆனாலும், முதலாளி சொன்னால் தோட்டக்காரர் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா? இன்றைய விதிகளின்படி இப்படி ஒரு பரிசோதனையைச் செய்ய அனுமதியே கிடைக்காது. நன்றி சொல்வதற்கு முன் இதையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

புழுவுக்கு மணி பார்க்கத் தெரியுமா?

அடுத்த விசித்திரம். ஒரே ஆளின் ரத்தத்தில் ஒரு நேரம் புழு தெரிகிறது, இன்னொரு நேரம் தெரிவதில்லை. ஏன்? மேன்சன் இரண்டு உதவியாளர்களை வைத்தார். பகலில் ஒருவர், இரவில் ஒருவர். நாள் முழுக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் எடுத்துப் புழுக்களை எண்ணுவதுதான் வேலை.

எண்ணிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பகலில் ஏறக்குறைய பூஜ்யம். பொழுது சாய்ந்ததும் ஒன்று இரண்டாக வரும். நள்ளிரவை ஒட்டி உச்சம். விடியும்போது மறுபடி காணாமல் போகும். சும்மா இல்லை, தினமும் இப்படி!

லண்டனில் இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். புழுக்கள் பாக்கெட்டில் கடிகாரம் வைத்திருக்கின்றனவா என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால், 1881-ல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்ஸி என்ற டாக்டர், ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவைத்து, இரவில் விழித்திருக்கச் செய்தார். புழுக்களும் நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் வந்தன! கேலி நின்றது.

இதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? அமோயில் இதைப் பரப்பிய கியூலெக்ஸ் வகைக் கொசு, நம் ஊர்ச் சாக்கடைகளிலும் வளர்கிற அதே கூட்டம்தான். அது ராத்திரியில் கடிக்கும். கொசு வரும் நேரத்துக்குப் புழு தோலுக்கு அருகில் வந்து காத்திருக்கிறது. பகலில் அவை நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்குகின்றன என்பதையும் பிற்பாடு மேன்சனே கண்டுபிடித்தார்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. பகல் பத்து மணிக்கு உங்கள் விரலில் குத்தினால், புழு இருந்தாலும் கண்ணாடித் துண்டில் தெரியாமல் போகலாம். பகலிலேயே கண்டுபிடிக்கும் வேறு பரிசோதனைகள் இன்று வந்துவிட்டன. ஆனால், ரத்தத்தில் குட்டிகள் ஓடுகின்றனவா என்று நேரில் பார்க்க இன்றைக்கும் ராத்திரிதான் சரியான நேரம். அந்தப் பணியாளர்கள் தூக்கத்தை விட்டு உங்கள் வாசலில் நிற்பது அதனால்தான்.

பாதி சரி, பாதி தப்பு

இங்கே கதை முடிந்திருந்தால் மேன்சன் ஒரு ஹீரோ, அவ்வளவுதான். ஆனால், அவர் பெரிய தப்பு ஒன்றைச் செய்தார்.

மனிதனிடமிருந்து கொசுவுக்குப் புழு போவது புரிந்துவிட்டது. கொசுவிலிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது? மேன்சன் அடைத்து வைத்த கொசுக்கள் பெரும்பாலும் ஐந்து நாள்களுக்குள் செத்துப்போயின. கொசுவின் ஆயுளே அவ்வளவுதான், வாழ்நாளில் ஒருமுறைதான் ரத்தம் குடிக்கும், முட்டையிட்டுத் தண்ணீரிலேயே செத்து விழும் என்று அவர் நம்பினார். அப்படியானால் புழு தண்ணீரில் கலக்கும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு நோய் வரும் என்று முடிவு கட்டினார்.

தப்பு. பெண் கொசு வாரக்கணக்கில் வாழும், பல முறை கடிக்கும். புழு கொசுவுக்குள் முழுசாக வளர ஏறக்குறைய 10 முதல் 14 நாள்கள் ஆகும். மேன்சனின் கொசுக்கள் அதற்கு முன்பே செத்துவிட்டதால், கதையின் கடைசிக் காட்சியை அவர் பார்க்கவே இல்லை. பார்க்காததை ஊகித்தார். அந்த ஊகம் இருபது வருடங்களுக்கும் மேல் நின்றது. அத்தனை வருடங்களும் கொசு கடித்துக்கொண்டே இருந்தது, ஆபத்து தண்ணீர்க் குவளையில் இருப்பதாக மருத்துவம் நினைத்துக்கொண்டிருந்தது.

1883-ல் ஹாங்காங் போனார். அங்கே 1887-ல் சீன மாணவர்களுக்காக மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது முதல் டீன் இவர்தான். அதன் முதல் மாணவர்களில் ஒருவர், பின்னாளில் சீனக் குடியரசை உருவாக்கிய சன் யாட்-சென்! 1889-ல் நாடு திரும்பினார். ஓய்வெடுக்கலாம் என்று பார்த்தால் சீனப் பணத்தின் மதிப்பு சரிந்து சேமிப்பு கரைந்தது. மறுபடி லண்டனில் மருத்துவத் தொழில்.

1894-ல் அவரைத் தேடி வந்தார் இந்தியாவில் வேலை பார்த்த ராணுவ டாக்டர் ரொனால்ட் ராஸ். மலேரியாக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் அவருக்குக் காட்டி, இதையும் கொசுதான் சுமக்கும், இந்தியாவில் போய்த் தேடுங்கள் என்று வழிகாட்டியவர் மேன்சன். கூடவே தன் தண்ணீர்க் கதையையும் சொல்லி அனுப்பினார். ராஸும் அதை நம்பி, கொசு செத்துக் கிடந்த தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். அந்த வழியில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவைகளை வைத்து, கொசு கடிப்பதால்தான் அது பரவுகிறது என்று நிரூபித்தார். 1902-ல் நோபல் பரிசு ராஸுக்கு. மேன்சனுக்கு இல்லை.

வாழைப்பழம் தின்ற கொசு

யானைக்கால் புதிரின் கடைசி முடிச்சை அவிழ்க்க உதவியவர், பிரிஸ்பேனில் தாய்ப்புழுவைக் கண்டுபிடித்தாரே, அந்த பேங்க்ராஃப்டின் மகன் தாமஸ் பேங்க்ராஃப்ட். கொசுக்களுக்கு வாழைப்பழம் கொடுத்து வளர்த்தார். அவை வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன! புழுவும் உள்ளே முழுசாக வளர்ந்தது. அப்படிப்பட்ட கொசுக்களைப் பதப்படுத்தி லண்டனில் மேன்சனுக்கு அனுப்பினார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1899-ல், மேன்சனின் முயற்சியால் லண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது. அவருடைய சீடர் ஜார்ஜ் லோ, 1900-ல் அந்தக் கொசுக்களை மெல்லிய சீவல்களாகச் சீவிப் பார்த்தார். புழு நின்ற இடம், கொசுவின் உறிஞ்சு குழலுக்குள். அடுத்த ஆளைக் கடிக்கும்போது இறங்கத் தயாராக. அதே நேரத்தில் இந்தியாவில் ஜேம்ஸ் என்ற டாக்டரும் இதே முடிவுக்கு வந்தார்.

தன் இருபது வருட ஊகம் தவறு என்று காட்டிய அந்த ஆராய்ச்சி நடந்தது மேன்சனின் கண் முன்னால், அவர் சீடரின் கையால். அவர் அதை மறைக்கவில்லை, தடுக்கவில்லை. ஆராய்ச்சிக்கான கொசுக்களைக் கொடுத்ததே அவர்தான். ஒரு பெரிய மனுஷனுக்கு அது சுலபமான காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

அதே 1900-ல் இன்னொன்றும் நடந்தது. மலேரியா நோயாளிகளின் ரத்தம் குடித்த கொசுக்களை ரோமிலிருந்து லண்டனுக்கு வரவழைத்து, ஒருவரைக் கடிக்கவிட்டார்கள். அவருக்கு மலேரியா வந்தது, கொய்னா மருந்தால் குணமானது. கையை நீட்டியவர் மருத்துவ மாணவரான பேட்ரிக் தர்பர்ன் மேன்சன். ஆமாம், மேன்சனின் சொந்த மகன். 23 வருடங்களுக்கு முன்பு தோட்டக்காரரைப் படுக்கவைத்தவர், இந்த முறை தன் வீட்டுப் பிள்ளையையே முன்னால் நிறுத்தினார். அந்த மகன் 1902-ல் ஒரு துப்பாக்கி விபத்தில் இறந்துபோனார்.

1903-ல் மேன்சனுக்கு சர் பட்டம் வந்தது. 1922 ஏப்ரல் 9-ல் லண்டனில் காலமானார். யானைக்கால் புழுவுக்கு வைக்கப்பட்ட பெயரில் வூக்கரரும் பேங்க்ராஃப்டும்தான் இருக்கிறார்கள். அதை வூக்கரேரியா பேங்க்ராஃப்டி என்பார்கள். மேன்சன் பெயர் ஒரு கொசு இனத்துக்குக் கிடைத்தது. மேன்சோனியா! அந்தக் கொசுவும் சும்மா இல்லை. நீரில் மிதக்கும் செடிகளின் வேரைப் பிடித்து வளர்ந்து, கேரளாவின் சேர்த்தலைப் பகுதியில் இன்னொரு வகை யானைக்கால் புழுவைப் பரப்பியது அதுதான்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம்

2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, உலகில் 12 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று இருந்தது. சுமார் 4 கோடி பேர் உடல் உருக்குலைந்து முடங்கியிருந்தார்கள். 2018-ல் தொற்று சுமார் 5.1 கோடியாகக் குறைந்தது. இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்தே நீக்கிவிட்டதாக 2016-ல் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவின் இலக்கு 2027.

இதைச் சாதித்தது பெரிய இயந்திரம் எதுவும் அல்ல, வருடத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து விழுங்கும் மாத்திரைகள். டி.இ.சி, அல்பெண்டசோல், சில இடங்களில் ஐவர்மெக்டினும். அவை ரத்தத்தில் ஓடும் குட்டிகளைக் கொல்லும். தாய்ப்புழு அத்தனை சீக்கிரம் சாகாது. அதனால்தான் வருடா வருடம் கேட்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்களுக்கும் கொடுக்க மாட்டார்கள். மாத்திரை போட்ட பிறகு சிலருக்குக் காய்ச்சல், தலைவலி வரும். பெரும்பாலும் உள்ளே புழு சாவதன் விளைவுதான் அது. சந்தேகம் இருந்தால் சுகாதார நிலையத்தில் கேளுங்கள், மாத்திரையை வாங்கி அலமாரியில் மட்டும் போட்டுவைக்காதீர்கள்.

ஏற்கெனவே கால் வீங்கியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கிறாரா? அவரிடமிருந்து தள்ளி உட்கார வேண்டியதில்லை. தொட்டால் இது ஒட்டாது. அவருக்குத் தேவை தினமும் சோப்பு போட்டுக் காலைக் கழுவுவது, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைப்பது, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது, செருப்பு போடுவது. இவ்வளவு செய்தாலே திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் குறையும். விரைவீக்கம் என்றால் அறுவை சிகிச்சை இருக்கிறது. வெட்கத்தை விட்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அமோய் கடலைக்காரர் காலம் மலையேறிவிட்டது.

மேன்சனுக்குப் பதக்கம், பட்டம் எல்லாம் கிடைத்தன. ஹின்-லோவுக்கு என்ன ஆனது என்று வரலாறு பேசவில்லை. அவர் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையில் மட்டும் நிற்கிறது. அந்த ராத்திரியில் அவருக்குச் சரி, வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவ்வளவு இருந்ததோ தெரியாது. உங்களுக்கு முழுசாக இருக்கிறது.

அடுத்த முறை ராத்திரி ஒன்பது மணிக்குக் காலிங்பெல் அடித்தால், போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். கதவைத் திறந்து விரலை நீட்டுங்கள். ஒரு நிமிஷ வேலைதாங்க.